'பாக்கலாம்'னு சொல்லியே ஒரு காரைக் கொல்வது எப்படி?

முதல்லயே சொல்லிடறேன். எந்தக் கார் எவ்வளவு மைலேஜ் குடுக்கும், எத்தனை நொடியில நூறைத் தொடும்னு தேடி வந்தவங்க அப்படியே அடுத்த பதிவுக்குத் தாவிடலாம். இது வயித்தெரிச்சல் பதிவு. கொஞ்சம் நீளமான வயித்தெரிச்சல். இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி, அதனால நீளம் ஜாஸ்தி :-)

ஆரணிப் பக்கம் (நம்ம ஊருதான், பட்டுப் பொடவை ஊரு) யார் வீட்லயாவது ஒரு பழைய கார் இடிபட்டு நின்னா, ஊரு மொத்தமும் மூணே மூணு தீர்ப்புதான் சொல்லும்.

ஒண்ணு: "எடைக்குப் போட்டுடு, எடமாவது மிஞ்சும்."

ரெண்டு: "அப்பா ஞாபகமா இருக்கட்டும், தார்ப்பாய் போட்டு மூடி வை. பாக்கலாம்."

மூணு: "இதெல்லாம் வெளிநாட்ல கோடிக்கணக்குல போவுது, அவசரப்பட்டு வித்துடாத. பாக்கலாம்."

முதல் தீர்ப்பு சொல்றவங்க மேல எனக்குக் கோபம்தான். ஆனா அவங்களாவது ஒரு முடிவு சொல்றாங்க. ரெண்டாவது, மூணாவது ஆளுங்க இருக்காங்க பாருங்க, அவங்கதான் உண்மையான கொலைகாரங்க. பாசத்தாலயும் பேராசையாலயும் காரைக் கொல்றவங்க. என் கட்சி ரொம்ப சிம்பிள். ரிப்பேர் பண்ணு, இல்ல முழுசா வித்துடு. ரெண்டுக்கும் ஒரு தேதி வை. தேதி இல்லாத 'பாக்கலாம்' துருவுக்குப் பண்ற விற்பனை. அதுவும் இலவச விற்பனை.

சரி, எந்தக் காரு? ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எங்க தாத்தா நூல் வியாபாரம் பண்ணின காலத்துல, எழுபதுகள்ல, செகண்ட் ஹேண்டா வாங்கினது. ரெண்டு கதவு மாடல். போன வருஷம் தெருவுல நின்னுட்டிருந்தப்ப, நெல்மூட்டை ஏத்தின ஒரு டெம்போ ரிவர்ஸ்ல வந்து இடது பக்க மூஞ்சியைப் பேத்துடுச்சு. அதுலேர்ந்து எங்க வீட்ல தினம் ஒரு பட்டிமன்றம். நடுவர் இல்லாத பட்டிமன்றம்.

'ஹெரால்டு என்னய்யா ஸ்போர்ட்ஸ் காரா? டாக்டருங்களும் வக்கீலுங்களும் ஓட்டின வண்டிதானே?'ன்னு இப்பவே ஒருத்தர் பின்னூட்டம் தட்ட ஆரம்பிச்சிருப்பார். அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க.

ஹெரால்டு இங்கிலாந்துல டிரையம்ஃப் கம்பெனி 1959-ல விட்ட காரு. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர், ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1962-ல அதே கம்பெனி ஸ்பிட்ஃபயர்னு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் விட்டுச்சு. இன்னிக்கும் உலகம் பூரா ஆளுங்க உயிரை விடற வண்டி. அதுக்கும் மிக்கெலோட்டிதான் டிசைன். அடியில இருக்கற சேசி? ஹெரால்டோட சேசியையே நீளம் குறைச்சு, மாத்திச் செஞ்சது. எஞ்சினும் அதே குடும்பம். ஆக ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன் ஹெரால்டு. அண்ணன் வேட்டி கட்டிக்கிட்டு ஆபீஸ் போனவர், தம்பி லெதர் ஜாக்கெட் போட்டுக்கிட்டு ரேஸுக்குப் போனவன். ரத்தம் ஒண்ணு.

அண்ணனும் சும்மா இல்லை. நம்ம ஊருல, சென்னைக்கு வடக்கே சோழவரத்துல, ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல கார் ரேஸ் நடந்துச்சே, அங்க ஹெரால்டும் ஓடியிருக்கு. 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்ற வரைக்கும் தென்னாட்டு ரேஸ் பைத்தியங்களுக்கு சோழவரம்தான் கோயில். வெளிநாட்டுக் கார் கண்ணுல படாத காலத்துல, நம்மாளு கைக்கு எட்டின ஸ்போர்ட்ஸ் கார் வாசனை இதுதான்.

இன்னொரு விஷயம். இது மெட்ராஸ் கார். ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948-ல ஆரம்பிச்ச கம்பெனி. வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. 1961-லேர்ந்து ஹெரால்டு. அப்புறம் இந்தியாவுக்குன்னே நாலு கதவு ஹெரால்டு. அப்புறம் கெஸல். கடைசியா 1985-ல ஸ்டாண்டர்டு 2000. அது எடுபடலை, 1988-ல கடையை மூடிட்டாங்க. இன்னிக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு பெருமை பேசறோமே, அதுக்கெல்லாம் தாத்தா இந்தத் தொழிற்சாலை. தறி விட்டு எழுந்து போன எங்க ஊரு பசங்க பல பேர் இன்னிக்கு ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனிகள்ல ஷிப்ட் பாக்கறாங்க. அவங்க கம்பெனி பஸ் ஏறற வழியிலயே, மெட்ராஸ்ல செஞ்ச ஒரு பழைய கார் தார்ப்பாய்க்குள்ள அழுகிக்கிட்டு நிக்குது.

சரி, விஷயத்துக்கு வருவோம். தீர்ப்பு சொன்ன ஒவ்வொருத்தரையும் வரிசையா கவனிப்போம்.

எடைக்குப் போடு கட்சி

ஹெரால்டோட எடை சுமார் 800 கிலோ. பழைய இரும்பு கிலோ 30 ரூபாய்னு வெச்சாக்கூட 24,000 ரூபாய். இதுல ரப்பர், கண்ணாடி, சீட்டு எல்லாம் கழிச்சா இன்னும் கம்மி. ஒரு சுமாரான செல்போன் விலை.

இதை வேற ஊர்க்காரன் சொன்னாக்கூட மன்னிச்சிடுவேன். ஆரணிக்காரன் சொல்லலாமா?

நம்ம தெருவுல 'பழைய பட்டுப் பொடவை வாங்கறது'ன்னு கூவிக்கிட்டு வருவாங்களே, அவங்க என்ன பண்றாங்கன்னு நமக்குத் தெரியாதா? பொடவையை எரிச்சு ஜரிகையில இருக்கற வெள்ளியை எடுப்பாங்க. கல்யாணப் பொடவை, பாட்டி பொடவை, பாவு போட்டு ஒரு குடும்பமே நாள்கணக்கா உக்காந்து நெஞ்ச பொடவை, கடைசியில ஒரு சிட்டிகை வெள்ளி. அந்தக் கூவல் கேட்டா எங்க ஆயா கதவைச் சாத்துவாங்க. 'நெஞ்சவன் கூலிய எந்தத் தராசுல வெப்பான் இவன்?'னு கேப்பாங்க. எடைக்கு வித்தா பொருளோட விலைதான் கிடைக்கும், வேலையோட விலை போயிடும். ஒரு ஊரே வேலைக்கு விலை கேட்டுப் போராடிப் பொழைக்குது, அந்த ஊருக்காரன் காரை மட்டும் தராசுல வெக்கறான்.

எடைக்குப் போற கார் எங்க போவும்? புதுப்பேட்டை மாதிரி இடத்துல பிரிப்பாங்க. நல்ல சாமானைத் தனியா எடுத்துட்டு மிச்சத்தை நசுக்குவாங்க. 'நல்ல சாமானாவது இன்னொரு ஹெரால்டுக்கு உயிர் குடுக்குமே'ன்னு ஒரு நியாயம் இருக்கு. ஒத்துக்கறேன். சேசி வளைஞ்சு, அடிப்பாகம் முழுக்க சல்லடையா போன வண்டிக்கு அதுதான் நல்ல சாவு. ஆனா மூஞ்சியில அடிபட்ட, எஞ்சின் ஸ்டார்ட் ஆகற வண்டிக்கு? கால் முறிஞ்சவனுக்கு உறுப்பு தானம் பேசற மாதிரி இருக்கு.

தார்ப்பாய் கட்சி

இவங்கதான் நிறைய பேர். எங்க வீட்லயும் இவங்கதான் மெஜாரிட்டி. 'தாத்தா ஞாபகம்'னு ஆரம்பிச்சாலே யாரும் பேச முடியாது. சென்டிமென்ட் கேஸ்ல குறுக்கு விசாரணை கிடையாது.

நான் பண்றேன்.

நின்னுட்டிருக்கற கார் அப்படியே இருக்கும்னு ஒரு மூடநம்பிக்கை. ஓடற கார்தான் தேயும், நிக்கற கார் பத்திரம்னு நினைப்பு. உண்மை நேர் எதிர். தார்ப்பாய்க்கு அடியில ஈரம் வெளிய போவாது. தரையிலேர்ந்து ஏர்ற ஈரம் நேரா சேசியில ஒக்காரும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற தண்ணிய உறிஞ்சும், உறிஞ்சின தண்ணி வீல் சிலிண்டரை உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்க வெக்கும். டேங்க்ல நிக்கற பெட்ரோல் பிசினாயி கார்புரேட்டரை அடைக்கும். ஒரே எடத்துல நிக்கற டயர் அடியில தட்டையாயிடும். ஒயரிங்கை எலி பாத்துக்கும். அடிபட்ட எடத்துல பெயின்ட் வேற உரிஞ்சிருக்கும், வெறும் தகரம் மழைக்காலத்துக்காகக் காத்துட்டிருக்கும். டெம்போ ஒரே ஒரு தடவைதான் இடிச்சுது. தார்ப்பாய் தினம் இடிக்குது.

எங்க ஊருக்காரங்களுக்கு இதுக்கு உதாரணம் வெளிய தேட வேண்டியதில்லை. பூசிமலைக்குப்பம் போய்ப் பாருங்க. ஆரணி ஜாகீர்தார் கட்டின கண்ணாடி மாளிகை. அதை யாரும் குண்டு வெச்சு இடிக்கலை. சரியான நேரத்துல பராமரிக்காம விட்டதுல, மழையும் ஆலமரத்து வேரும் நிதானமா வேலையை முடிச்சிட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை பைக்ல போயி செல்ஃபி எடுத்துட்டு 'எவ்ளோ அழகா கட்டியிருக்கான் பாரு'ன்னு நாம உச்சுக் கொட்டறோம். சில வருஷம் கழிச்சு நம்ம பேரப் பசங்க நம்ம ஷெட்டுல நின்னு அதே உச்சுதான் கொட்டுவாங்க.

தார்ப்பாய் கட்சிக்குப் பின்னாடி இன்னொரு ரகசியமும் இருக்கு. அது சென்டிமென்ட்டே இல்லை, கையெழுத்து. வண்டி ஆர்.சி. இன்னும் தாத்தா பேர்லயே இருக்கு. அவர் போயி வருஷமாச்சு. உரிமையாளர் இறந்துட்டா வாரிசு பேருக்கு மாத்த ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல படிவம் 31 குடுக்கணும். மத்த வாரிசுங்க சம்மதம் வேணும். பெரியப்பா, எங்கப்பா, சித்தப்பா, அத்தைன்னு நாலு பேர். ஒருத்தர் பேருக்கு மாத்தினா மத்தவங்களுக்கு மனசு சுணங்கும்னு யாரும் வாயே தொறக்கலை. பேர் மாத்தாம படிவம் 29, 30-ல கையெழுத்துப் போட்டு விக்கவும் முடியாது. ஆக விக்கவும் வழியில்லை, ரிப்பேர் செலவை யார் ஏத்துக்கறதுன்னும் தெரியலை. இதுக்குப் பேர்தான் 'தாத்தா ஞாபகம்'. தமிழ்நாட்டுல ஷெட்டுக்குள்ள செத்துட்டிருக்கற பாதி காருங்களோட வியாதி துரு இல்லைங்க, பங்காளி தயக்கம்.

இடிச்ச டெம்போ விஷயத்துலயும் இதே கூத்துதான். அந்த வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்திருக்கும். அடுத்தவன் சொத்துக்கு ஏற்படற சேதத்துக்கு அந்த பாலிசியில 7.5 லட்சம் ரூபாய் வரைக்கும் இடம் உண்டு. ஆனா அதுக்குப் போலீஸ்ல புகார் பதிவாவணும், தீர்ப்பாயம் வரைக்கும் போவணும். எங்க வீட்ல என்ன பண்ணாங்க? 'தெரிஞ்ச பையன், பாவம், விடு'ன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சாங்க. பையன் மேல பாவம் பாத்தாங்க, நல்லது. கார் மேலயும் அதே பாவத்தைப் பாக்கலாமில்ல?

கோடி ரூபா கட்சி

இவங்க வாட்ஸப்ல வாழறவங்க. 'அமெரிக்காவுல எரிஞ்சு போன கார் கூடு பதினஞ்சு கோடிக்குப் போச்சாம், தெரியுமா?'ன்னு ஆரம்பிப்பாங்க. தெரியும் சார். எனக்கும் அந்த ஃபார்வர்டு வந்துச்சு.

அந்த நியூஸ் உண்மைதான். 2023 ஆகஸ்ட்ல கலிபோர்னியாவுல, 1954-ம் வருஷத்து ஃபெராரி 500 மொண்டியால், ரேஸ்ல அடிபட்டு எரிஞ்சு கசங்கின தகரமா இருந்தது, 18.75 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. 2015-ல பாரீஸ்ல பையோன் குடும்பத்துச் சேகரிப்பு ஏலம். பழைய பத்திரிகைக் கட்டுங்களுக்கு அடியில கிடந்த ஃபெராரி 250 கலிபோர்னியா ஸ்பைடர் 1.63 கோடி யூரோ. சுவிட்சர்லாந்து எல்லைப் பக்கம் மஜ்ஜோரே ஏரிக்குள்ள எழுபது வருஷத்துக்கு மேல முழுகிக் கிடந்த 1925 புகாட்டியை 2009-ல தூக்கினாங்க, 2010-ல 2,60,500 யூரோவுக்குப் போச்சு. பாதி காரே கரைஞ்சு போயிருந்தது. அப்படியும் போச்சு.

இதெல்லாம் சரி. ஆனா கணக்கை முழுசா போடுங்க. அந்த ஃபெராரி மொண்டியால்ல அந்த வகை பாடி கட்டினது மொத்தமே ரெண்டு கைவிரலுக்குக் கொஞ்சம் மேல. ஹெரால்டு உலகம் பூரா அஞ்சு லட்சத்துக்கும் மேல ஓடின வண்டி. துருவுக்கு யாரும் காசு குடுக்கலை, எண்ணிக்கைக்குக் குடுத்தாங்க. நம்ம வண்டியைப் பத்து வருஷம் துருப்பிடிக்க விட்டா அது ஃபெராரி ஆவாது. துருப்பிடிச்ச ஹெரால்டுதான் ஆவும்.

அந்தப் பையோன் கதையில இன்னொரு பாடமும் இருக்கு, அது வாட்ஸப்ல வராது. அந்த மனுஷர் 1950-கள்லயே பழைய காருங்களா வாங்கிச் சேத்தார். எல்லாத்தையும் சரி பண்ணி ஒரு மியூசியம் வெக்கணும்னு ஆசை. எழுபதுகள்ல தொழில் நொடிச்சுப் போச்சு, பாதியை விக்க வேண்டியதாச்சு. மிச்சம் திறந்த கொட்டாய்ல, செடி கொடிக்கு நடுவுல நின்னு நின்னு அழிஞ்சது. 'ஒருநாள் பண்ணுவேன்'னு சொன்ன நாள் வரவே இல்லை. ஏலத்துல வந்த 59 வண்டியில பேப்பர்ல போட்டோ வந்தது ரெண்டு மூணு. நாம அந்த ஃபெராரியை மட்டும் பாத்துட்டு நம்ம தார்ப்பாயைத் தடவிக் குடுக்கறோம்.

மாருதி எஞ்சின் கட்சி

இது துணைக் கட்சி. 'பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு மாருதி எஞ்சின், ஏசி, பவர் ஸ்டீரிங் எல்லாம் மாட்டிடலாம் ப்ரோ, வெளிய மட்டும் ஹெரால்டு.' யூட்யூப் பாத்து வர்ற வியாதி. நம்ம பொட்டி தட்டற மக்களுக்கு ஈஸியா புரியும்: வேலை செய்யற பழைய புரோகிராமைப் படிக்கச் சோம்பல் பட்டுக்கிட்டு, 'மொத்தத்தையும் புதுசா எழுதிடலாம்'னு சொல்ற டீம் லீட் ஞாபகம் வரலை?

சட்டப்படியும் இது தப்புக் கணக்கு. 2021-ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிங்களுக்குத் தனி விதி கொண்டு வந்துச்சு. 50 வருஷம் தாண்டின, அசல் நிலையில இருக்கற வண்டிக்கு 'வி.ஏ.'ன்னு எழுத்து போட்ட தனி நம்பர். புதுசா பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். சேசி, பாடி, எஞ்சின்ல கை வெச்சு மாத்தியிருந்தா இந்தப் பதிவு கிடைக்காது. இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு: அப்படிப் பதிஞ்ச வண்டியை தினப்படி ரோட்ல ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்புன்னு மட்டும்தான். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட திருவண்ணாமலை போயிட்டு வரணும்னா சாதாரணப் பதிவையே அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிச்சு வெச்சுக்கணும். 20 வருஷம் தாண்டின காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-ல 10,000 ரூபாயா ஏத்திட்டாங்க. வலிக்குதுதான். அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 170 ரூபா கூட வராது.

அப்போ என்னதான் பண்றது?

திட்டறது ஈஸி, வழி சொல்லுன்னு கேப்பீங்க. சொல்றேன்.

2014 பிப்ரவரி 12. அமெரிக்காவுல கென்டக்கியில கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருங்களுக்குன்னே ஒரு மியூசியம். ராத்திரியோட ராத்திரியா தரை உள்வாங்கி எட்டு கார் பள்ளத்துல விழுந்துச்சு. எல்லாத்தையும் வெளிய எடுத்தாங்க. முதல்ல எட்டையும் சரி பண்றதாத்தான் பேச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா பரிசோதிச்சாங்க. மூணைச் சரி பண்ணாங்க. அஞ்சு வண்டி சரி பண்ணா பழைய காரே மிஞ்சாதுங்கற நிலை, அதனால அடிபட்ட கோலத்துலயே காட்சிக்கு வெச்சாங்க. நான் அவங்ககிட்ட பாத்த நல்ல குணம் இதுதான்: எட்டுக்கும் எட்டு முடிவு. எதையும் 'பாக்கலாம்'னு ஓரமா தள்ளலை.

நம்ம வண்டிக்கு மூணு கேள்வி போதும்.

1. சேசி நேரா இருக்கா? ஹெரால்டுல இது ரொம்ப முக்கியம். இந்தக் காலத்துக் கார் மாதிரி பாடியும் சட்டமும் ஒண்ணு கிடையாது. தனி சேசி, அது மேல பாடியை துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டியிருக்கும். 1950-கள்ல டிரையம்ஃபுக்கு பாடி செஞ்சு குடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிடுச்சு. அதனால வேற வேற எடத்துல துண்டா செஞ்சு மாட்டற மாதிரி வடிவமைக்க வேண்டிய கட்டாயம். அன்னிக்கு அவங்களுக்கு வந்த தலைவலி இன்னிக்கு நமக்கு வரம். மூஞ்சி மொத்தமும் பானெட்டோட சேத்து முன்பக்கமா சாயும், தனியா கழட்டலாம். கூரையைக் கூட கழட்டலாம். டிங்கர் வேலைக்குன்னே பொறந்த கார். எங்க வண்டியைப் பாத்த பட்டறைக்காரர் பானெட்டைத் தூக்கினார், சேசியைக் குறுக்குக்குக் குறுக்கு ரெண்டு பக்கமும் டேப் வெச்சு அளந்தார். அளவு ஒத்துப் போச்சு. 'சட்டம் நேரா இருக்கு சார், தகரம்தான் போயிருக்கு, தட்டி எடுத்துடலாம்'னுட்டார்.

2. பேப்பர் யார் பேர்ல? படிவம் 31 கதையை முதல்ல முடிங்க. யார் பேர்ல இருந்தாலும் பரவாயில்லை, உயிரோட இருக்கற ஒருத்தர் பேர்ல இருக்கட்டும்.

3. பணம், ஆள், தேதி மூணும் இருக்கா? பணம் யார் குடுப்பாங்க, யார் பட்டறையில விடப்போறோம், எந்த மாசம் விடப்போறோம். மூணுல ஒண்ணு இல்லைன்னாக்கூட ரிப்பேர்ங்கற பேச்சை விட்டுடுங்க. முழு வண்டியா, அடிபட்டது அடிபட்டபடியே, ஓட்டறவன் ஒருத்தன்கிட்ட வித்துடுங்க. விக்கறது துரோகம் இல்லை. வாங்கினவன் நம்ம தாத்தா வண்டியைக் கோயம்புத்தூர்ல ஓட்டினா ஓட்டட்டுமே. தாத்தாவே அதை இன்னொருத்தர்கிட்ட இருந்துதானே வாங்கினார்?

இன்சூரன்ஸ்காரன் கணக்கை மட்டும் இதுல கொண்டு வராதீங்க. ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்புல 75 சதவீதம் தாண்டினா மொத்த நஷ்டம்னு எழுதி மூடறது அவங்க வழக்கம். பத்து வருஷம் தாண்டின வண்டியோட உலோக பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம்னு கழிப்பாங்க. போன வருஷம் வாங்கின காருக்கு அந்தக் கணக்கு சரி. அறுபது வருஷத்து வண்டிக்கு அவங்க மதிப்பே கிட்டத்தட்ட பூஜ்யம், பூஜ்யத்துல 75 சதவீதம் எவ்வளவுன்னு கேட்டா எல்லா வண்டியும் செத்த வண்டிதான். பழைய வண்டிக்குப் பாலிசி எடுக்கும்போதே கம்பெனியோட பேசி, ஒத்துக்கிட்ட மதிப்பை எழுத்துல வாங்குங்க.

எதிர்வாதங்கள் ரெண்டு வரும்னு தெரியும்.

'பழைய வண்டி புகை கக்கும், சுற்றுச்சூழல் என்ன ஆகும்?' நியாயமான கேள்வி. கிலோமீட்டருக்குக் கணக்குப் பாத்தா பழைய எஞ்சின் புது எஞ்சினை விட அதிகம் கக்கும், மறுக்கலை. ஆனா வருஷத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடற ஒரு வண்டியை நிறுத்திட்டுத்தான் ஊரைக் காப்பாத்தப் போறோம்னா, தினம் ஆபீஸுக்கு ஒருத்தர் மட்டும் போற காரை என்ன பண்ணலாம்னும் சேத்துப் பேசுவோம்.

'தறி நெய்யறவனுக்குக் கூலி கட்டுப்படி ஆகலை, உனக்கு கார் ஆசை கேக்குதா?' இது கொஞ்சம் தைக்கற கேள்வி. பதில் இருக்கு. புதுக் கார் வாங்கினா வட்டி பேங்குக்கு, லாபம் கம்பெனிக்கு. பழைய காரைச் சரி பண்ணா மொத்தக் காசும் நம்ம ஊர் டிங்கருக்கு, லேத்துக்காரருக்கு, சீட்டு தைக்கறவருக்கு. கைவேலைக்குக் காசு குடுக்க மாட்டேங்கறாங்கன்னு நெசவாளி வீட்டுப் பையனான நானே புலம்பிக்கிட்டு, இன்னொரு கைவேலைக்காரனுக்குக் காசு குடுக்க யோசிச்சா எப்படி?

அந்தப் பட்டறைக்காரருக்கு வயசு அறுபதுக்கு மேல. தகரத்துக்குப் பின்னாடி இரும்புக் கட்டையை வெச்சு முன்னாடி சுத்தியால தட்டித் தட்டி வளைவைக் கொண்டு வர்றவர். பட்டி அப்பி மூடற ஆள் இல்லை. அவர்கிட்ட இப்ப ரெண்டே பசங்க. 'புதுக் காருக்கெல்லாம் பழைய பேனலைக் கழட்டு, புதுப் பேனலை மாட்டு, அவ்ளோதான் சார். தட்டக் கத்துக்க எவன் வரான்?'ங்கறார். எங்க ஊர்ல புதுப் பாவோட ஆயிரக்கணக்கான இழையை பழைய பாவு இழையோட ஒண்ணொண்ணா முறுக்கி இணைக்கறவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்கன்னு நெசவாளிங்க சொல்றதும் இதே குரல்லதான். கார் காத்திருக்கும்னே வெச்சுக்குவோம். அவர் கை காத்திருக்குமா? இன்னும் பத்து வருஷம் கழிச்சு நாம 'பாக்க' ஆரம்பிக்கும்போது தட்டறதுக்கு ஆள் யாரு?

சாமான் கதையும் இதேதான். ஸ்டாண்டர்டு கம்பெனியைக் கலைச்சப்போ, 2006-ல, மிச்சம் கிடந்த ஸ்டாண்டர்டு 2000 உதிரி பாகங்களை வாங்கிக்கிட்டுப் போனது ஒரு இங்கிலாந்துக் கம்பெனி. ரோவர் கார் வெச்சிருக்கற வெள்ளைக்காரங்களுக்கு விக்கறதுக்காக. நமக்குக் குப்பையா தெரிஞ்சது அவங்களுக்குச் சரக்கு. இன்னிக்கு ஹெரால்டுக்கு ரப்பர் பீடிங் வேணும்னா அதே இங்கிலாந்துக் கடைங்கள்லதான் ஆர்டர் போட்டு, சுங்க வரி கட்டி வாங்கறோம். மெட்ராஸ் காருக்கு!

எங்க வீட்டு நிலவரம்: என் ஓட்டு ரிப்பேருக்கு. சேசி நேரா இருக்கு, ஆள் இருக்கார், பணத்துல பாதி நான் போடறேன்னு சொல்லிட்டேன் (தங்கமணி இன்னும் இந்தப் பதிவைப் படிக்கலை). பெரியப்பாவுக்கு நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. 'பெரியப்பா, தை பொறக்கறதுக்குள்ள படிவம் 31-ல எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. வண்டி உங்க பேர்லயே இருக்கட்டும், எனக்கு வேணாம். கையெழுத்து வரலைன்னா, வந்ததும் முதல் வேலையா வித்துடுவோம், நானே ஆள் பாக்கறேன்.' அவர் என்ன சொன்னார்னு நினைக்கறீங்க?

'பாக்கலாம்பா'ன்னார். அவ்வ்வ்வ்.

உங்க வீட்டு ஷெட்டுலயும் இந்த மாதிரி ஒண்ணு நிக்குதா? ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர், ஜாவா பைக்கு, எதுவா இருந்தாலும் சரி. என்ன அடி, யார் பேர்ல பேப்பர், எந்தத் தேதிக்கு என்ன முடிவுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. ஹெரால்டுக்கு இடது பக்க ஹெட்லைட் ரிங் யார்கிட்டயாவது இருந்தாலும் சொல்லுங்க.

டிஸ்கி: 'உன் பதிவு நல்லாருக்கு, வேலை ஒழிஞ்சதும் பாக்கலாம்'னு வர்ற பின்னூட்டங்கள் எடைக்குப் போடப்படும்.